"தங்கள் புகார் தீர்க்கப்பட்டது": இணைய இணைப்பும் தொழில்நுட்ப உதவியும், வாசகர் கேள்வி பதில்

வீட்டு இணைய இணைப்பு குறித்த ஐயங்களை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழுது நேர்ந்தபோது உதவி எண்ணில் கிடைத்த பதிலைப் பற்றியே பேசுகின்றன. அவற்றிலிருந்து சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்: எங்கள் வீட்டு ஃபைபர் இணைப்பு ஒரே வாரத்தில் மூன்று முறை நின்றுபோயிற்று. உதவி எண்ணை அழைக்கும்போதெல்லாம் மோடத்தை அணைத்துவிட்டு மீண்டும் போடச் சொல்கிறார்கள். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. மறுநாள் "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி மட்டும் வருகிறது. நான் என்ன செய்வது?

ஐயா, அந்தச் சிவப்பு விளக்கின் பக்கத்தில் எல்.ஓ.எஸ். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், கண்ணாடி இழையின் வழியே வரவேண்டிய ஒளி உங்கள் பெட்டியை வந்தடையவில்லை என்று பொருள். பெட்டி சூடேறித் திணறினாலோ, நிறுவனத்தின் சேவையகத்தோடு அதற்கிருந்த தொடர்பு பாதியில் சிக்கிக்கொண்டாலோ அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஆகவே அந்தக் கேள்வியை முதலில் கேட்பதில் தவறில்லை. ஆனால், சிவப்பு விளக்கு எரிகிறது என்று வாடிக்கையாளர் தெளிவாகச் சொன்ன பிறகும் அதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வது, தெருவில் குழாய் உடைந்திருக்கும்போது வீட்டுக்குள் இருப்பவரிடம் குழாயைத் திருகிப் பார்க்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலும் இதுவே நடந்தது. நான்கு நாள்களில் ஆறு முறை அழைத்தேன். இரண்டு முறை புகார் தீர்ந்ததாகச் செய்தி வந்தது. ஐந்தாம் நாள் காலையில் ஓர் இளைஞர் ஏணியோடு வந்தார். பெட்டியின் பின்புறத்திலிருந்த பச்சை முனையைக் கழற்றி, கையடக்கமான ஒளி அளவுமானியில் செருகினார். ஒளியின் வலிமை மைனஸ் 31 என்று காட்டியது. மைனஸுக்குப் பின்வரும் எண் கூடக்கூட ஒளி குறைவு என்று பொருள். இத்தகைய பெட்டிகள் ஏறத்தாழ மைனஸ் 27 வரைதான் ஒளியை ஏற்றுக்கொள்ளும் என்றும், அதற்குக் கீழே போனால் இணைப்பு நிலைக்காது என்றும் சொல்லிவிட்டு, தெருமுனைக் கம்பத்தில் ஏறி அங்கிருந்த பிரிப்புப் பெட்டியில் அளந்தார். அங்கே மைனஸ் 18. பழுது கம்பத்துக்கும் வீட்டுக்கும் இடையில்தான் என்பது அந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துபோயிற்று. அடுத்த வீட்டுத் தகரக் கூரையின் விளிம்பில் கம்பி உராய்ந்து உராய்ந்து நைந்திருந்தது. புதுக் கம்பியை இழுத்து முனையைப் பொருத்த அவருக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அரை மணி நேர வேலைக்கு நான்கு நாள் காத்திருந்ததை நினைக்கும்போது எனக்கு இன்னமும் மனம் ஆறவில்லை. இணைப்பு உயிரோடு இருக்கும்வரை இந்த ஒளி அளவைப் பல நிறுவனங்களால் தங்கள் அலுவலகத்திலிருந்தே பார்க்க முடியும். முதல் அழைப்பிலேயே யாராவது அதைப் பார்த்திருந்தால், மைனஸ் 25, 26 என்று அது சரிந்துகொண்டே வந்தது தெரிந்திருக்கும்.

அடுத்த முறை அழைக்கும்போது, "எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிகிறது, பான் விளக்கு அணைந்திருக்கிறது, அணைத்துப் போட்டுப் பார்த்தாயிற்று, கள ஊழியரை அனுப்புங்கள்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பான் என்பது நிறுவனத்தின் ஃபைபர் வலையோடு பெட்டிக்குத் தொடர்பு இருப்பதைக் காட்டும் விளக்கு. விளக்குகளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளும் நேரமும் அதில் பதிவாகிவிடும். டாக்கெட் எண் எனப்படும் புகார் எண்ணைப் பெறாமல் அழைப்பைத் துண்டிக்காதீர்கள். சில நிறுவனங்களில் புகாரை முடிக்க வாடிக்கையாளரின் கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரும். அதைக் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தால், இணைப்பு வந்ததை உங்கள் கண்ணால் பார்க்கும்வரை சொல்லாதீர்கள். தீராத புகாரைத் தீர்ந்ததாக மூடிவிட்டால், அதே எண்ணைச் சொல்லி மீண்டும் திறக்கும்படி கேளுங்கள். புதிய புகாராகப் பதிவு செய்தால் நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். மூன்று புகார்களும் மூன்று தனித்தனிச் சிறு பழுதுகளாகவே கணக்கில் நிற்கும்.

தையல் நிறுவனக் கணக்காளர், திருப்பூர்: 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். எத்தனை முறை சோதித்தாலும் 94, 95-க்கு மேல் வருவதில்லை. "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

நீங்கள் எழுதியிருக்கும் எண்ணிலேயே விடை இருக்கிறது. வேகம் 60, 130, 85 என்று ஏறி இறங்கினால் காரணம் பல இருக்கலாம். எப்போது பார்த்தாலும் 94, 95 என்று ஒரே இடத்தில் நின்றால், வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் அளவுக்கு மேல் போக இயலாத ஒரு கண்ணி இருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். 100 எம்பிபிஎஸ் லேன் இணைப்பில் (ரவுட்டரையும் கணினியையும் கம்பியால் இணைப்பது) தரவோடு சேர்ந்து போகும் முகவரி முதலிய கூடுதல் சுமையைக் கழித்தால் மிஞ்சுவது அந்த 94, 95 தான்.

முதலில் லேன் கம்பியின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற அந்தப் பிளாஸ்டிக் முனைக்குள் எட்டு வண்ணக் கம்பிகளும் உலோகத் தகடுகள் வரை சென்றிருக்க வேண்டும். அவசரத்தில் முனை அடிப்பவர்கள் நான்கு கம்பிகளை மட்டும் பொருத்திவிட்டுப் போவதுண்டு. நான்கு கம்பியில் 100 ஓடும். அதற்கு மேல் போக எட்டும் வேண்டும். கம்பி சரியாக இருந்தால், ரவுட்டரில் கம்பி செருகும் துளைகள் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ் வரை தாங்கும்) வகையா என்று அதன் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணைக் கொண்டு தேடிப் பாருங்கள். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் 100-க்கு மேல் போகாத துளைகளே இருக்கின்றன. அத்தகைய ரவுட்டரை நிறுவனமே கொடுத்திருந்தால், 200 எம்பிபிஎஸ் திட்டத்தை விற்றுவிட்டு அதைத் தாங்காத கருவியைக் கொடுத்ததற்கு அந்நிறுவனம்தான் பொறுப்பு. மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள்.

அவர்கள் உங்களை ஏமாற்றியதாக நான் கருதவில்லை. அவர்களுடைய திரையில் உங்கள் கணக்கு 200 என்றுதான் காட்டியிருக்கும். அதைப் பார்த்து உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் "வேகம் எப்போதும் ஒரே எண்ணில் நிற்கிறதா, மாறுகிறதா" என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் இந்தச் சிக்கல் இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை என்பதே என் வருத்தம்.

இணைய நிறுவன உதவி மைய ஊழியர், சென்னை: நாள் முழுவதும் திட்டு வாங்கும் வேலை என்னுடையது. எங்களுக்கு எதுவும் தெரியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். திரையில் வருவதைப் படிக்கத்தான் எங்களுக்கு அனுமதி. எங்கள் பக்கத்தையும் எழுதுவீர்களா?

எழுத வேண்டியது என் கடமை, சகோதரி. உங்கள் கடிதத்தின் பிற்பகுதியில், ஓர் அழைப்பைச் சில நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டும், அதைத் தாண்டினால் மாத இறுதி மதிப்பீட்டில் குறையும், கள ஊழியர் எந்தத் தெருவில் நிற்கிறார் என்பதோ வாடிக்கையாளரின் ஒளி அளவோ உங்கள் திரையில் தெரியாது என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். இணைய நிறுவனங்களின் தொழில்நுட்ப உதவி ஏன் இப்படி இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது. அழைப்பை எடுப்பவர் ஒரு நிறுவனத்தின் சம்பளத்தில் இருக்கிறார், கம்பம் ஏறுபவர் பகுதி ஒப்பந்தக்காரரிடமோ உள்ளூர் கேபிள்காரரிடமோ வேலை செய்கிறார், கம்பம் மின்வாரியத்துடையது. மூவருக்கும் இடையே போய்வருவது அந்தப் புகார் எண் ஒன்றுதான்.

சேவையை அளக்கும் அளவுகோலிலும் பிழை இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பிராட்பேண்ட் சேவைத் தரத்துக்கு 2006-ஆம் ஆண்டிலேயே விதிகளை வகுத்தது. அழைப்புகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் 90 நொடிக்குள் எடுக்கப்பட வேண்டும், பழுதுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் அடுத்த வேலைநாளுக்குள் நீக்கப்பட வேண்டும் என்பன அவற்றுள் இருந்தன. நல்ல நோக்கத்தோடு வந்த விதிகள்தாம். ஆனால் எத்தனை நொடியில் தொலைபேசி எடுக்கப்பட்டது என்று எண்ணுவது எளிது. எடுத்தவரால் பழுதைக் கண்டுபிடிக்க முடிந்ததா என்று எண்ணுவது கடினம். பழுது நீங்கிய நேரமும் புகாரை மூடிய நேரமும் ஒன்றாகக் கருதப்படும் இடத்தில், மூடுவதற்குத்தான் அவசரம் பிறக்கும். கும்பகோணத்து ஆசிரியருக்கு வந்த குறுஞ்செய்தி அந்த அவசரத்தில் விளைந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. என்னைக் கேட்டால், வாடிக்கையாளரின் ஒளி அளவை உங்கள் திரையில் காட்டி, "இது கம்பத்துப் பழுது, இன்றே ஆள் போகட்டும்" என்று உத்தரவிடும் அதிகாரத்தை உங்களுக்குக் கொடுத்தாலே பாதிப் புகார்கள் முதல் நாளில் தீர்ந்துவிடும். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மறுமுனையில் பேசுபவர் உங்கள் கம்பியை அறுத்தவர் அல்லர். அவரைத் திட்டுவதால் கம்பி ஒட்டாது. விவரத்தைத் தெளிவாகச் சொன்னால் அவரால் கூடுதலாக ஏதேனும் செய்ய முடியும்.

மளிகைக் கடை உரிமையாளர், மதுரை: நிறுவனத்தை மாற்றிய பிறகு கடை சிசிடிவி கேமராவை வீட்டிலிருந்து பார்க்க முடியவில்லை. இணையம் நன்றாக ஓடுகிறது. உதவி எண்ணில் கேட்டால் கேமராக்காரரைக் கேட்கச் சொல்கிறார்கள்; அவர் இணையக்காரரைக் கேட்கச் சொல்கிறார்.

இணையக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'வேன்' (WAN, வெளி இணைப்பு) என்ற தலைப்பின் கீழ் உள்ள ஐ.பி. முகவரியை, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், உங்கள் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது என்று அறியலாம். ஐ.பி.வி.4 எனப்படும் பழைய வகை முகவரிகள் உலகெங்கும் தீர்ந்துபோனதால் வந்த ஏற்பாடு இது. உள்ளிருந்து வெளியே போவதற்குத் தடை இல்லை. வெளியிலிருந்து உங்கள் கேமராவைத் தேடி வருவோருக்குத்தான் வழி தெரியாது. தனிப்பட்ட நிலையான பொது ஐ.பி. முகவரி வேண்டும் என்று கேளுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் இருக்கும். செலவு வேண்டாம் என்றால், கேமரா நிறுவனத்தின் சொந்தச் செயலி வழியே பார்க்கும் வசதியை அமைத்துத் தரும்படி கேமராக்காரரிடம் சொல்லுங்கள்.

வாசகி, வேளச்சேரி: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பல நாள்கள் இணையம் இல்லை. முழு மாதக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். இனி அப்படி நடந்தால் கழிவு கிடைக்குமா?

புயலாலும் வெள்ளத்தாலும் வரும் தடைக்கு விதியின்படி கிடைக்காது. மற்றத் தடைகளுக்குக் கேட்கலாம். டிராய் 2024 ஆகஸ்டில் வெளியிட்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தர விதிகள், ஒரு மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை தடைப்பட்டால் அதற்குரிய வாடகையைக் கழிக்க வேண்டும் என்றும், கம்பிவழி இணைப்பில் மூன்று நாளுக்குள் சரிசெய்யப்படாத பழுதுக்கு ஈடு தர வேண்டும் என்றும் சொல்கின்றன. இயற்கைப் பேரிடருக்கு அவற்றில் விலக்கு உண்டு. பேரிடரில் விலக்கு தருவது நியாயம்தான் என்றாலும், வெள்ளம் வடிந்து மின்சாரமும் வந்த பிறகு கம்பி இழுக்க ஆள் வராமல் கழிந்த நாள்களையும் அதே கணக்கில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னுள்ள நாள்களுக்குக் கழிவு கேட்டு எழுதுங்கள்.

வாசகர், ஈஸ்ட்ஹாம், லண்டன்: இங்கே இணையம் நின்றால் பணம் தானாகவே கணக்கில் வருகிறது. ஊரில் அம்மாவின் இணைப்புக்கு நான் இங்கிருந்து வாரக்கணக்கில் மன்றாட வேண்டியிருக்கிறது. அங்கே ஏன் இதைச் செய்யக் கூடாது?

நீங்கள் சொல்வது 2019 ஏப்ரல் 1 அன்று பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் தொடங்கிவைத்த திட்டம். முற்றாக நின்றுபோன இணைப்பு இரண்டு முழு வேலைநாளுக்குப் பிறகும் சரியாகாவிட்டால் நாள் ஒன்றுக்கு 8 பவுண்ட், வருவதாகச் சொன்ன பொறியாளர் வராவிட்டால் 25 பவுண்ட் என்று தொடங்கி, பின்னர் விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகைகள் உயர்ந்து வந்திருக்கின்றன. அங்கும் இது நிறுவனங்கள் தாமாக முன்வந்து சேர்ந்த திட்டம்தான். சேராத நிறுவனங்களும் உண்டு. ஆனால் தொகையைவிட "தானாகவே" என்ற சொல்லுக்குத்தான் நான் மதிப்புக் கொடுக்கிறேன். நம் நாட்டில் கழிவு என்பது கேட்பவருக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. கேட்கத் தெரியாத உங்கள் தாயாரைப் போன்றவர்களுக்கு அது கிடைப்பது அரிது. வராத பொறியாளருக்கு விலை வைத்தால், வருகிறேன் என்று சொல்லும் முன் நிறுவனம் ஒருமுறை யோசிக்கும். தாயாரின் இணைப்புக்கு உங்கள் மின்னஞ்சலையும் தொடர்பு முகவரியாகப் பதிவு செய்துவையுங்கள். புகார் எண் உங்களுக்கும் வந்துசேரும்.

குடும்பத்தலைவி, இராமநாதபுரம்: தமிழுக்கான எண்ணை அழுத்தியும் இந்தியில் பேசுகிறார்கள்.

மொழியைத் தேர்ந்தெடுக்கும் வசதியை உதவி எண்ணில் தர வேண்டும் என்பது டிராயின் 2012-ஆம் ஆண்டுப் புகார் தீர்வு விதிகளிலேயே உள்ளது. நீங்கள் தேர்ந்தெடுத்த மொழியில் பேசும் ஊழியர் கிடைக்கவில்லை என்பதையே ஒரு புகாராகப் பதிவு செய்து எண் வாங்குங்கள்.

வழக்கறிஞர் அலுவலக எழுத்தர், நாகர்கோவில்: நிறுவனத்திடம் எதுவும் நடக்கவில்லை என்றால் அடுத்து எங்கே போவது? டிராய்க்கு எழுதினேன், நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தனிப்பட்ட வாடிக்கையாளரின் புகாரைத் தீர்த்துவைக்கும் அதிகாரம் டிராய்க்குச் சட்டத்தில் தரப்படவில்லை. அதனால்தான் திருப்பி அனுப்பினார்கள். நான் மேலே சொன்ன 2012 விதிகளின்படி நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். புகாருக்குரிய காலக்கெடு முடிந்த 30 நாளுக்குள் அவரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மிகச் சிறிய நிறுவனங்களுக்கு இவ்விதிகளில் விலக்கு உண்டு என்பதால், உள்ளூர் கேபிள்காரரின் இணைப்பு வைத்திருப்பவர்கள் அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உதவி எண்ணில் பேசுபவர்களில் பலர் இந்த அதிகாரியைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. ஆகவே அவருடைய மின்னஞ்சல் முகவரியை நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே தேடி எடுப்பது நல்லது. அங்கும் பலனில்லை என்றால் மத்திய அரசின் பொதுமக்கள் குறைதீர் தளத்தில் தொலைத்தொடர்புத் துறையின் பெயரில் பதிவு செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐயும் அழைக்கலாம்.

அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசித் தகராறுகளை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்க முடியாது என்ற பொருளில் 2009-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்ததால், பல ஆண்டுகள் இந்தக் கதவு பாதி சாத்தியே கிடந்தது. 2022 பிப்ரவரியில், ஒரு கைப்பேசிச் சேவை நிறுவனம் தொடுத்த மேல்முறையீட்டில், தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாடும் நுகர்வோர் ஆணையத்தின் வரம்புக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுத் தாக்கல் செய்யலாம். சேவைக்காகச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. குறைபாடு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மனுவோடு புகார் எண்களின் பட்டியல், "தீர்க்கப்பட்டது" என்று வந்த குறுஞ்செய்திகள், அதே நாளில் எடுத்த சிவப்பு விளக்கின் படம், கட்டணம் செலுத்திய ரசீது ஆகியவற்றை நாள்வாரியாக அடுக்கி இணைத்துவிடுங்கள்.